திங்கட்கிழமை பூட்டியிருந்த கேட்

மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 2023 மே கடைசி. சனிக்கிழமை பள்ளியில் விளையாட்டு விழா, இங்கே ஜப்பானில் உந்தோகாய் என்பார்கள். நானும் அவரும் போய் வெயிலில் நின்று கைதட்டிவிட்டு வந்தோம். திங்கட்கிழமை காலை வழக்கம்போல அவளை எழுப்பி, இரண்டு தோசை ஊட்டி, ராண்டோசெரு பையை முதுகில் மாட்டி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் போடுகிற மஞ்சள் தொப்பியையும் வைத்து அனுப்பினேன். இங்கே பிள்ளைகள் நடந்துதான் போவார்கள், அம்மா அப்பா கொண்டுபோய் விடுகிற பழக்கம் கிடையாது. இருபது நிமிடம் கழித்து காலிங் பெல் அடித்தது. திறந்தால் அவள்தான். "கேட் பூட்டியிருக்கும்மா. யாருமே இல்ல."

சனிக்கிழமை பள்ளி வைத்ததற்குப் பதிலாகத் திங்கட்கிழமை விடுமுறை. இரண்டு வாரம் முன்பே தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தாள் எங்கள் ஃபிரிட்ஜ் மேலேயே காந்தம் வைத்து ஒட்டியிருந்தது. நான்தான் ஒட்டினேன்.

கேட்டுக்கு முன்னால் அழவில்லையாம். வீட்டுக்குள் வந்து ஷூவைக் கழற்றும்போதுதான் அழுதாள். "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் தெரியலை." ஆறு வயதுப் பிள்ளை சொன்ன அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது.

நாங்கள் இருப்பது டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம். ஜப்பானுக்கு வேலைக்கு வந்த இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கிற இடம். நடந்து போகிற தூரத்தில் பருப்பு, புளி, கறிவேப்பிலை எல்லாம் கிடைத்துவிடும். ஊரில் போனில் பேசும்போது "அப்புறம் என்னடி குறை உனக்கு" என்று கேட்பார்கள். சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை, உண்மைதான். அவருக்கு ஆபீசில் ஆங்கிலத்திலேயே பொழுது போய்விடுகிறது. பிள்ளையின் பையில் வருகிற தாள்களைப் பார்ப்பது என் வேலை. நாளுக்கு இரண்டு, சில நாள் ஐந்து. நீச்சல் வகுப்பு தொடங்குகிறது, உடல்வெப்பம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று ஒன்று. நாளை பால் அட்டைப் பெட்டி ஒன்று கழுவிக் காயவைத்துக் கொடுத்தனுப்புங்கள் என்று இன்னொன்று. ஒவ்வொரு இரவும் போன் கேமராவைத் தாள்மேல் பிடித்து, அது காட்டுகிற அரைகுறை மொழிபெயர்ப்பில் தலையும் வாலும் தேடுவேன்.

அந்த விடுமுறைத் தாளில் இருந்த சொல் ஃபுரிகாஏ. மாற்றி வைப்பது என்று பொருள். பள்ளிப் பணத்தை நம் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வதற்கும் அதே சொல்தான். முந்தின வாரம்தான் பணம் எடுக்கிற தேதியைப் பற்றி ஒரு தாள் வந்திருந்தது, அதிலும் ஃபுரிகாஏ. போன் இரண்டுக்கும் ஒரே சொல்லைக் காட்டியது. நானும் திங்கட்கிழமை பணம் எடுப்பார்கள்போல என்று நினைத்து, கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்து வைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டேன்.

திருச்சியில் ஏழு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். எத்தனையோ பிள்ளைகளின் டைரியில் "பெற்றோர் கையொப்பம்" என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் ரேகையோடு அது திரும்பி வந்த நாட்களும் உண்டு. அந்த அம்மாக்கள் வீட்டில் அந்த டைரியை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று அப்போது ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்று இரவு அப்பத்தா ஞாபகம் வந்தது. திருமயம் பக்கம் எங்கள் ஊர். சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து எழுதுகிற கடிதத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை திண்ணையில் உட்கார்ந்திருக்கும். படித்துக் காட்டினால் "இன்னொரு வாட்டி வாசி" என்று சொல்லும், இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்கும். பஸ் ஸ்டாண்டில் வருகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் "தம்பி, இது எங்க போகுது" என்று யாரையாவது கேட்கும். அதைப் பார்த்து எனக்குச் சின்ன வயதில் வெட்கமாக இருக்கும், கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வேன். இப்போது மருத்துவமனையில், ஸ்டேஷனில், வார்டு ஆபீஸ் கவுண்டரில் தாளை நீட்டி "இது என்ன" என்று நான் கேட்கும்போது என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாள். அவள் தள்ளி நிற்பதில்லை.

1991 வாக்கில் புதுக்கோட்டை மாவட்டம் முழுக்க அறிவொளி இயக்கம் வந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்த பெண்கள் ஸ்லேட்டோடு உட்காருவார்கள், சொல்லிக் கொடுத்தது ஊர்ப் பிள்ளைகள்தான், சம்பளம் எதுவும் வாங்காமல். பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதும் அந்த இயக்கத்தில்தான். அப்பத்தா சைக்கிள் பக்கம் போகவில்லை, ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டது. ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் யாரையும் கேட்காமல் போர்டைப் பார்த்து "தி... ரு... ம... ய..." என்று மெல்ல ஓட்டிவிட்டு, அது "ம்"முக்கு வருவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. அடுத்த பஸ்ஸில் போனோம். அப்பத்தாவுக்கு அதில் கொஞ்சமும் வருத்தம் இல்லை.

கேட் பூட்டியிருந்த அந்த நாளுக்குப் பிறகு மூன்று வாரத்தில் நானும் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். ஜப்பானில் பல ஊர்களில், ஊர்ப் பொதுக்கூடத்தில், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வெளிநாட்டுக்காரர்களுக்குத் தன்னார்வமாக மொழி சொல்லிக் கொடுக்கிறார்கள். எனக்கு வாய்த்த சென்செய்க்கு, அதாவது ஆசிரியருக்கு, எழுபது வயது தாண்டியிருக்கும். முதல் நாள் நான் பாடப்புத்தகம் எடுக்கவில்லை, ஃபிரிட்ஜிலிருந்த அந்தத் தாளைத்தான் எடுத்துப் போனேன். அவர் பென்சில் முனையை ஒரு காஞ்சி எழுத்தின்மேல் வைத்தார். காஞ்சி என்றால் சீனாவிலிருந்து வந்த, ஒவ்வொன்றுக்கும் பொருள் உள்ள எழுத்து. இடது பக்கம் மனிதன், வலது பக்கம் மரம். மரத்தடியில் ஒருவன் சாய்ந்திருக்கிறான், அதனால் ஓய்வு. பக்கத்தில் இருக்கிற எழுத்து நாள். ஓய்வு நாள், விடுமுறை. அவ்வளவுதான். இரண்டுமே ஒன்றாம் வகுப்பில் படிக்கிற 80 காஞ்சியில் வருகிறவை. நாலெழுத்துச் சொல்லில் பின்பாதி தெரிந்திருந்தால் போதும், என் பிள்ளை அங்கே போய் நின்றிருக்க மாட்டாள்.

ஹிரகானா என்பது ஒலியை மட்டும் காட்டுகிற ஜப்பானிய எழுத்து. மொத்தம் 46, 247 எழுத்து படித்த நமக்குப் பெரிய மலை இல்லை. வரிசைகூட அ, இ, உ, எ, ஒ என்றுதான் தொடங்கி க, ச, த, ந என்று போகும். பௌத்தத்தோடு போன சமஸ்கிருத எழுத்துமுறையின் தாக்கம். மலை என்றால் காஞ்சிதான், தொடக்கப் பள்ளி ஆறு வருடத்தில் 1026. மகளும் நானும் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து எழுதுகிறோம். இப்போது அவள் எங்கேயோ போய்விட்டாள், நான் இரண்டாம் வகுப்பில் நிற்கிறேன்.

2024 ஜனவரி 1 சாயங்காலம் ஜப்பானின் மேற்குக் கடலோரம் நோதோ பகுதியில் பெரிய நிலநடுக்கம். டோக்கியோவிலும் வீடு மெதுவாக, ரொம்ப நேரம் ஆடியது. டிவியைப் போட்டால் அறிவிப்பாளர் குரலை உயர்த்திக் கத்துகிறார், திரையில் பெரிதாக ஹிரகானாவில் "சுனாமி! ஓடுங்கள்!" என்று. போனை எடுக்கவில்லை. நானே படித்தேன். 1995 கோபே நிலநடுக்கத்தில் எச்சரிக்கை புரியாமல் வெளிநாட்டுக்காரர்கள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகுதான் எளிய ஜப்பான் மொழியில் சொல்ல வேண்டும் என்ற முயற்சி இங்கே தொடங்கியது என்று சென்செய் பிறகு சொன்னார். வெளியேறுங்கள் என்பதற்குக் கடினமான காஞ்சிச் சொல் ஒன்று இருக்கிறது, அதைப் போடாமல் "நிகெதே", ஓடுங்கள் என்று போட்டிருந்தார்கள். யாரோ ஒருவர் உட்கார்ந்து, எனக்கு எது புரியும் என்று யோசித்து அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். நாங்கள் மூன்று பேரும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். அங்கே இருக்கிற மக்களை நினைத்து வயிறு கலங்கியது, அதே நேரம் அந்த எழுத்து எனக்குப் புரிகிறது என்பதும் மனதில் ஒரு பக்கம் நின்றது.

போன வாரம் வந்த தாளில் தரை துடைக்கிற துணி இரண்டு, பெயர் எழுதி, திங்கட்கிழமைக்குள் என்றிருந்தது. வகுப்பறையைப் பிள்ளைகளே துடைப்பார்கள், ஒவ்வொரு பருவத்துக்கும் இது கேட்பார்கள். நூறு யென் கடையில் கிடைக்கும், ஆனாலும் ஊரிலிருந்து கொண்டுவந்த ஈரோட்டுத் துண்டு ஒன்று பழசாகிக் கிடந்தது, அதை வெட்டி நாலாக மடித்து ஓரம் தைத்தேன். மார்க்கரால் பெயர் எழுதினேன். அவள் பெயரில் ஒரு ழ இருக்கிறது, இங்கே அதற்கு எழுத்து இல்லாததால் "ரி"தான் போட வேண்டும், அதில் எனக்கு இன்னும் வருத்தம்தான். அவள் துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ரி கொஞ்சம் சாஞ்சிருக்கும்மா. பரவால்ல, படிக்க முடியுது" என்று சொல்லிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.