யாருடைய நம்பரைக் கொடுப்பது?

பையிலிருந்து செல்போனை எடுத்ததும் பெண்கள் எழுந்து வரிசையாக நின்றார்கள். முந்தானையைச் சரிசெய்தார்கள். பின்னால் இருந்தவர்கள், முகம் மறைகிறது, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று முன்னால் இருந்தவர்களிடம் சொன்னார்கள். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. நூறு நாள் வேலைத் தளங்களில் செல்போனில் படமெடுத்து வருகை பதிவதை 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கியிருந்தார்கள். காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை. வெளியிலிருந்து வந்த ஒருவர் போனை நீட்டினால் அது வருகைப் பதிவாகத்தான் இருக்கும், படத்தில் விழாவிட்டால் கூலி கிடைக்காது என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். நான் அவர்களின் கண்ணைப் படமெடுக்க வந்திருந்தேன்.

உசிலம்பட்டி, சேடபட்டி, பேரையூர் பக்கத்துக் கிராமங்களில் நடக்கும் கண் பரிசோதனை முகாம்களுக்குப் போய்வருவது என் வேலை. பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. முன்பெல்லாம் எழுத்து அட்டை, டார்ச் லைட், சொட்டு மருந்து என்று ஒரு பெட்டி நிறையச் சாமான்கள் இருக்கும். இப்போது அவற்றோடு, லென்ஸ் பொருத்திய ஒரு செல்போனும் உண்டு. போனின் வெளிச்சம் கண் பாப்பா வழியாக உள்ளே போய் விழித்திரையில் பட்டுத் திரும்பும். அதை கேமரா படமாக்கிக்கொள்ளும். சர்க்கரை நோய் பல ஆண்டுகள் நீடித்தால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பலவீனமாகி, வீங்கிக் கசிகின்றன. தொடக்கத்தில் வலி இருக்காது, பார்வையும் குறையாது. பார்வை குறைந்த பிறகு வருகிறவர்களுக்கு, மிச்சமிருப்பதைக் காப்பாற்றத்தான் லேசரும் ஊசியும் பெரும்பாலும் உதவுகின்றன. கண்புரையைப் போல அறுவை சிகிச்சை செய்து பழைய பார்வையைத் திருப்பித் தந்துவிட முடியாது. அதனால்தான் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்கிறோம். நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023இல் கணக்கிட்டது. அத்தனை பேரும் கண் டாக்டர் முன்னால் உட்கார முடியாது என்பதால் போனை வைத்துப் பார்க்கிறோம்.

'செல்போன் மூலம் பரிசோதித்துக்கொள்ளச் சம்மதமா?' என்று எங்கள் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். பெரும்பாலும் 'ஆம்' என்ற கட்டத்தில்தான் டிக் அடித்திருக்கிறேன். எதற்குச் சம்மதித்தார்கள் என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமில்லை.

வருகைப் பதிவு என்று வரிசையில் நின்ற அன்று, மல்லிகைத் தோட்டத்தில் பூப் பறிக்கும் ஒரு அம்மா முதலில் உட்கார்ந்தார். அறுபது வயதிருக்கும். அறையை இருட்டாக்க ஜன்னலில் ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டிருந்தோம். என் சுண்டுவிரலை அவர் கன்னத்தில் ஊன்றி, லென்ஸைக் கண்ணுக்கு மிக அருகே கொண்டுபோய், கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். ஒரு நொடி கறுப்பு. பிறகு திரை முழுக்கச் செம்மஞ்சள். ஓரத்தில் வெளிர் மஞ்சளாக ஒரு வட்டம், அதிலிருந்து கிளைவிட்டு ஓடும் ரத்தக் குழாய்கள். இரண்டு குழாய்களுக்கு நடுவே ஊசிமுனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன.

படத்தைப் பெரிதாக்கி அவரிடமே காட்டினேன். அப்படிக் காட்ட வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அன்று ஏனோ தோன்றியது. போனை வாங்கித் தூரமாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, "செம்பேன் விழுந்த இலை மாதிரி இருக்கிறது தாயி" என்றார். சாறு உறிஞ்சும் செம்பேன் இலையின் அடிப்பக்கத்தில்தான் இருக்குமாம். மேலே பார்த்தால் செடி நன்றாகத்தான் தெரியும். இலையைத் திருப்பிப் பார்க்காதவர்களின் தோட்டம்தான் முதலில் பழுக்கும் என்று சொன்னார்.

ரத்தக் குழாய், கசிவு, விழித்திரை என்று நான் பத்து ஆண்டுகளாகச் சொல்லியும் புரியவைக்க முடியாததை அவர் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டார். அதன் பிறகு எந்தப் பூக்கார ஊருக்குப் போனாலும் அதையே சொல்கிறேன். கேட்பவர்கள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

மறுப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். "படிக்காதவர்கள், போனைக் கண்டு பயப்படுகிறார்கள்" என்று கூட்டங்களில் பேசுவதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஒரு பாட்டியின் பெயரைப் பதிய வீட்டுப் போனுக்கு ஓடிபி வந்தது. எண்ணைச் சொல்லுங்கள் என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்று வங்கியில் சொல்லியிருக்கிறார்களாம். "நீ நல்ல பிள்ளையாகத்தான் தெரிகிறாய், ஆனாலும் சொல்ல மாட்டேன்" என்றார். சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகக் கடைப்பிடித்தவரைப் பரிசோதனைக்கு ஒத்துழைக்காதவர் என்று படிவத்தில் எப்படி எழுதுவது? அன்று அவருடைய விவரங்களைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு படத்தை எடுத்தேன்.

சம்மதித்த ஒருவரைத்தான் நாங்கள் கைவிட்டோம். அதை நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது. அவருக்கு ஐம்பது வயதைக் கொஞ்சம் கடந்திருக்கும். மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தார், படமும் தெளிவாக விழுந்தது. செல்போன் நம்பர் கேட்டதும் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனின் நம்பர். அந்த வீட்டில் இருந்த ஒரே போன் மகனோடு திருப்பூரில் இருந்தது. நான் அதைப் படிவத்தில் எழுதிக்கொண்டேன். பெரிய மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும் என்ற முடிவு நான்காம் நாள் அந்த நம்பருக்குக் குறுஞ்செய்தியாகப் போனது. ஆங்கிலத்தில் போனது. கடன் தருகிறேன், நிலம் விற்கிறேன் என்று வரும் செய்திகளில் ஒன்றாக நினைத்து அந்தப் பையன் அதை அழித்துவிட்டான். அவனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எட்டு மாதம் கழித்து, வலது கண்ணில் கறுப்பாக ஏதோ மிதக்கிறது, கொசு பறப்பதுபோல இருந்தது, இப்போது திரை விழுந்துவிட்டது என்று அவரே பஸ் ஏறி வந்தார். கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருந்தது. எங்கள் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். அவர் பெயருக்கு நேராக 'முடிவு தெரிவிக்கப்பட்டது' என்று இருந்தது.

"போன் ஒன்றும் சொல்லவில்லையே தாயி, அதனால் கண் நன்றாக இருக்கிறது என்று இருந்துவிட்டேன்" என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. அவருக்கு லேசர் சிகிச்சை நடந்தது. இடது கண் தப்பியது. வலது கண்ணில் முன்னால் இருப்பவரின் முகம் தெரியாது, ஆள் நிற்பது மட்டும் தெரியும்.

அன்றிலிருந்து நான் கேட்கும் முதல் கேள்வி மாறிவிட்டது. இந்த நம்பர் யாருடையது, அவர் எந்த ஊரில் இருக்கிறார், முடிவை யாரிடம் சொன்னால் உங்கள் காதுக்கு வரும் என்று கேட்கிறேன். ஆரம்பத்தில் மேலதிகாரிகள் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு ஆளுக்கு மூன்று நிமிடம் கூடுகிறது என்றார்கள். கூடத்தான் செய்கிறது. சிலர் மருமகள் என்கிறார்கள். சிலர் மருமகளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்கிறார்கள். அதிகம் பேர் சொல்வது, மாதாமாதம் வீட்டுக்கே வந்து சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை கொடுக்கும் தன்னார்வலப் பெண்ணை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அதில் வருகிற பெண் அதே ஊர்க்காரர். எந்த வீட்டில் எப்போது ஆள் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். இப்போது முடிவைத் தமிழில் ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி, அவர் கையில் கொடுத்தனுப்புகிறோம். அவர் அதை வாசித்துக் காட்டி, சர்க்கரை நோட்டில் ஒட்டிவிட்டு வருகிறார். குறுஞ்செய்தியும் போகிறது. அது கூடுதலாகத்தான்.

போன் எல்லாம் செய்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாப்பாவை விரிக்கும் மருந்தை ஊற்றாமல் எடுப்பதால், பார்வை மங்கி அரைநாள் கூலி போகாது; மக்கள் சம்மதிப்பதற்கு இது பெரிய காரணம். ஆனால் வயதானவர்களின் பாப்பா சிறிதாக இருக்கும், புரையும் மறைக்கும், படம் மங்கலாக வரும். படம் தெளிவில்லை என்று சொன்னால் ஒன்றும் இல்லை என்றே காதில் விழுகிறது. படம் விழாத கண்ணைத்தான் டாக்டர் முதலில் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு ஒரு லாரி டிரைவர் வந்தார். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை. மனைவிக்குப் படமெடுத்து முடிக்கும்வரை வாசலில் நின்றவர், அவர் முறை வந்ததும் வேண்டாம் என்றார். மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து காரணம் கேட்டேன். படம் எங்கே போகும், எத்தனை நாள் இருக்கும், லைசென்ஸ் புதுப்பிக்கிற இடத்தில் யாராவது அதை எடுத்துப் பார்க்க முடியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நியாயமான கேள்விகள். படத்தை டாக்டருக்கு அனுப்பியதும் என் போனிலிருந்து அழித்துவிடுவேன், அதற்கு அப்பால் நான் உறுதி சொல்ல முடியாது என்றேன். பொய் சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பார்.

இரண்டாம் சனிக்கிழமை உசிலம்பட்டிக்கு டாக்டர் வருகிறார், படமெடுக்காமலே கருவியால் கண்ணுக்குள் பார்ப்பார், ஆனால் மருந்து ஊற்ற வேண்டும், நான்கைந்து மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். டாக்டர் வெகுநேரம் பார்த்துவிட்டு, செய்ய வேண்டியதைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தவருக்கு வெயிலில் கண் கூசியது. துண்டை நெற்றியில் இழுத்துவிட்டுக்கொண்டார். பைக்கை ஸ்டார்ட் செய்து காத்திருந்த மகனின் தோளைத் தடவிப் பிடித்து, பின்னால் ஏறி உட்கார்ந்தார்.