ஆட்வேர் அழித்தாலும் ஏன் திரும்பி வருகிறது?

மதுரை டிடிபி கடைகளில் ஆட்வேர் (கேட்காமலே விளம்பரம் காட்டும் புரோகிராம்) நுழையும் வழிகளில் ஒன்று ஃபாண்ட் தேடல். வாடிக்கையாளர் கொண்டுவரும் பத்திரிகை ஃபைலில் இருக்கும் ஃபாண்ட் கடையில் இருக்காது. கூகுளில் தேடிப் போன தளத்தில் பெரிதாக ஒரு பச்சை டவுன்லோடு பட்டன் இருக்கும். பல நேரம் அதுவே விளம்பரம்தான். நிஜ லிங்க் சின்ன எழுத்தில் கீழே கிடக்கும். ஃபாண்ட் என்பது டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் ஃபைல், சில சமயம் ஜிப். இஎக்ஸ்இ (புரோகிராம் ஃபைல்) இறங்கினால் திறக்காமல் அழித்துவிடுங்கள்.

இலவச பிடிஎஃப் கன்வெர்ட்டர்களோடும் இது ஒட்டிக்கொண்டு வரும். இன்ஸ்டால் செய்யும்போது 'எக்ஸ்பிரஸ்' கொடுத்தால் எல்லாம் சேர்ந்து இறங்கும். 'கஸ்டம்' கொடுத்தால்தான் வேண்டாதவற்றின் டிக்கை எடுக்க முடியும்.

திரையின் மூலையில் 'வைரஸ் இருக்கிறது' என்று வந்துகொண்டே இருந்தால், முதலில் குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதியைப் பாருங்கள். ஏதோ ஒரு தளத்துக்கு 'அலோ' கொடுத்திருப்பார்கள். அதை நீக்கினாலே பெரும்பாலும் நின்றுவிடும்.

அப்படி நிற்காததுதான் பெரிய தலைவலி. கண்ட்ரோல் பேனலில் அன்இன்ஸ்டால் செய்தால் போவது புரோகிராம் மட்டும். அது டாஸ்க் ஷெட்யூலரில் (விண்டோஸில் வேலைகளைத் தானாக ஓட்டும் பகுதி) போட்டுவைத்த வேலை அப்படியே இருக்கும். அடுத்து கம்ப்யூட்டரைப் போட்டதும் அதையே மறுபடி இறக்கும். டெஸ்க்டாப்பில் குரோம் ஐகானின் பிராபர்ட்டீஸில் 'டார்கெட்' வரியையும் பாருங்கள். குரோம்.இஎக்ஸ்இக்குப் பின்னால் ஒரு இணைய முகவரி ஒட்டியிருந்தால், ஹோம் பேஜை எத்தனை முறை மாற்றினாலும் பலனில்லை.

குரோமில் சேரும் துணைக் கருவியான எக்ஸ்டென்ஷனில் 'ரிமூவ்' பட்டனே வேலை செய்யவில்லையா? விண்டோஸ் தன் செட்டிங்ஸைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில், அதை நீக்கவிடாத பாலிசி (கட்டுப்பாடு) எழுதியிருக்கலாம். முகவரிப் பட்டையில் 'குரோம்://பாலிசி' என்று ஆங்கிலத்தில் அடித்தால் தெரியும். 'எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட்' என்ற வரி இருந்தால் அதுதான் காவல். கல்லூரி, கம்பெனி கம்ப்யூட்டர்களில் நிர்வாகமே பாலிசி போட்டிருக்கும்; அங்கே கை வைக்காதீர்கள்.

ஆகவே எந்த வரிசையில் எடுக்கிறோம் என்பது முக்கியம். முதலில் குரோம் சிங்க்கை (ஒரே ஜிமெயில் போட்ட கம்ப்யூட்டர்களின் குரோமை ஒன்றுபோல் வைக்கும் வசதி) நிறுத்துங்கள். மூன்று கம்ப்யூட்டருக்கு ஒரே ஜிமெயில் போட்டிருக்கும் கடையில், ஒன்றில் எடுத்த எக்ஸ்டென்ஷன் மற்றொன்றிலிருந்து திரும்பி வரும்; மூன்றிலும் எடுத்த பிறகே சிங்க் போட வேண்டும். அடுத்து டாஸ்க்கை அழித்து, பாலிசியை நீக்கி, அதன் பிறகு புரோகிராமை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். கடைசியில் ஆட்வ்கிளீனர் ஓட்டுங்கள்; மால்வேர்பைட்ஸ் நிறுவனம் 2016இல் வாங்கிய, ஆட்வேரை நீக்கும் இலவசக் கருவி அது. அதை மால்வேர்பைட்ஸ் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து டாஸ்க் ஷெட்யூலரை மறுபடி பாருங்கள்.

'விளம்பரம்தானே' என்று விடக்கூடாது. எல்லாத் தளங்களின் டேட்டாவையும் படிக்க அனுமதி வாங்கிய எக்ஸ்டென்ஷனுக்கு, அந்த பிரவுசரில் வாடிக்கையாளருக்காக அடிக்கும் ஆதார் எண்ணும் பேங்க் பாஸ்வேர்டும் தெரியும். நம் கடையை நம்பிக் கொடுக்கிறார்கள்.

ஃபார்மேட் அடித்தும் வருகிறது என்றால் டி டிரைவைப் பாருங்கள். 'சாஃப்ட்வேர்' ஃபோல்டரில் பழைய செட்டப்புகளைச் சேர்த்துவைத்திருப்போம். சி டிரைவை மட்டும் ஃபார்மேட் செய்து, அதே செட்டப்பை மறுபடி போட்டால் அதே ஆட்வேர்தான் வரும். சிடிஆர், பிஎஸ்டி டிசைன் ஃபைல்களை வைத்துக்கொள்ளுங்கள். செட்டப்புகளை அழித்துவிட்டு, அந்தந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிதாக இறக்குங்கள்.