ஆமைகள் சுமக்கும் பெயர்கள்

வியட்நாமிலிருந்து குன்னூர் திரும்பிய மறுநாள், சிம்ஸ் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது பெரியம்மா, "அந்த ஹனோய்க் கோயிலில் என்ன சாமி?" என்று கேட்டார். சாமி அல்ல, வாத்தியார் என்றேன். 1070-இல் மன்னர் லி தான் தோங் சீன அறிஞர் கன்பூசியஸுக்காக எழுப்பிய இலக்கியக் கோயில் ஐந்து முற்றங்களாக ஒன்றன்பின் ஒன்றாக விரிகிறது. முதல் இரண்டில் மரங்களும் புல்வெளியும்தான் கண்ணில் படுகின்றன, 1805-இல் கட்டிய குவே வான் மாடத்தைக் கடந்த பிறகே சதுரக் குளமும் அதன் இருபுறமும் கல் ஆமைகளும் வருகின்றன.

என்னை நகரவிடாமல் நிறுத்தியவை அந்த ஆமைகளே. 1442 முதல் 1779 வரையிலான அரசுத் தேர்வுகளில் தேறியவர்களின் பெயரையும் ஊரையும் பொறித்த 82 கற்பலகைகளை அவை முதுகில் சுமந்து நிற்கின்றன. தேர்வுக்கு முன் மாணவர்கள் அவற்றின் தலையைத் தடவித் தடவித் தேய்த்ததால், இப்போது தடுப்பு வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் ஹால் டிக்கெட்டைப் பிள்ளையார் காலடியில் வைத்து எடுப்பதைப் போலத்தான்.

சன்னதியில் ஒரே கூட்டம். வணங்கிவிட்டு வெளியே வந்துவிட்டேன். தோட்டம் என்று பார்த்தால், 1874-இல் தொடங்கிய நம் சிம்ஸ் பூங்கா மலைச்சரிவுக்கு வளைந்துகொடுத்து இறங்குகிறது. அங்கோ எல்லாம் நேர்கோடு. எனக்கு வளைவுதான் பிடிக்கும்.

"ஆமைக்குப் பூ வைத்தாயா?" என்றார் பெரியம்மா.