ஓட்டுரிமை இல்லாத நாட்டில் ஒரு தேர்தல்

அமெரிக்காவில் எனக்கு ஓட்டு கிடையாது. 2009இல் ஹூஸ்டனுக்குப் படிக்க வந்தவள் நான். முதலில் மாணவர் விசா, அப்புறம் ஹெச்1பி வேலை விசா, இப்போது நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டு வரிசை. அந்தக் கார்டுகளில் எந்த ஒரு நாட்டுக்கும் ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பு இருப்பதால், இந்தியர்களின் வரிசை நகர்கிறதா என்பதே தெரியாது. கார்டு வந்து, குடியுரிமை வாங்கி, அதற்கப்புறம்தான் வாக்குச்சீட்டு. சரி, ஊரிலாவது போடலாமே என்றால், வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்கள் 2011 முதல் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். ஆனால் வாக்குச்சாவடிக்கு நேரில் போய்த்தான் ஆக வேண்டும். ஒரு விரல் மைக்காக ஹூஸ்டனிலிருந்து திருச்சிக்கு யார் டிக்கெட் போடுவது?

இப்படி இரண்டு பக்கமும் ஓட்டில்லாத நான், போன ஆண்டு ஒரு தேர்தலில் நின்றேன். என் சொராரிட்டியின் தேசியப் பொருளாளர் பதவிக்கு.

சொராரிட்டி என்றால் கல்லூரிப் பெண்களின் சங்கம். கிரேக்க எழுத்துகளில் பெயர் வைத்துக்கொள்வார்கள். படிப்பு முடிந்தாலும் உறுப்பினர் பதவி ஆயுளுக்கும் போகாது. சொந்தக்காரர்களுக்கு இதை விளக்கி விளக்கி நான் களைத்திருந்த காலத்தில், கமலா ஹாரிஸ் வந்து காப்பாற்றினார். ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1908இல் கறுப்பினப் பெண்கள் தொடங்கிய ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவில் அவர் உறுப்பினர். 2024 ஜூலையில், அதிபர் வேட்பாளராவதற்குச் சில நாள் முன்பு, டல்லாஸில் நடந்த அதன் மாநாட்டில் பேசினார். "நம்ம துளசேந்திரபுரத்துப் பொண்ணு இருக்கிற மாதிரி சங்கமா? அப்ப சரி" என்றார் பெரியம்மா.

தெற்காசியப் பெண்களுக்கான சொராரிட்டிகள் அவ்வளவு பழையவை அல்ல. ஆஸ்டினில் காப்பா ஃபை காமா, ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா, நியூயார்க்கில் சிக்மா சிக்மா ரோ என்று மூன்றும் 1998 என்ற ஒரே ஆண்டில் முளைத்தவை. குடியேறியவர்களின் பெண்கள் கல்லூரிக்கு வரும் வயதை எட்டிய காலம் அது. என் சங்கமும் அந்த வகைதான், பெயர் வேண்டாம்.

நான் சேர்ந்ததற்குக் கொள்கைக் காரணம் எதுவுமில்லை. சனி ஞாயிறுகளில் விடுதி காலியாகிவிடும். சித்தப்பா வீடு சுகர்லேண்டில், போக பஸ் கிடையாது. சங்கத்தில் எனக்கு வாய்த்த அக்கா, டெக்சாஸிலேயே பிறந்த குஜராத்திப் பெண், ஹெச்-இ-பி கடையின் வாகன நிறுத்தத்தில் இரண்டு தள்ளுவண்டிகளை நிறுத்திவைத்து, அவற்றுக்கு நடுவே காரைப் பின்னோக்கிச் செருகச் சொல்லிக்கொடுத்தாள். வரிப் படிவம், வாடகை ஒப்பந்தம், காய்ச்சலுக்கு எந்த மருத்துவமனை என்று எல்லாமே அந்தப் பெண்களிடம் கற்றதுதான். அம்மாவுக்கோ கடைசிவரை இது ஏதோ பார்ட்டி கோஷ்டி என்றுதான் எண்ணம்.

பொருளாளர் பதவியில் கவர்ச்சி ஒன்றும் இல்லை. சம்பளம் கிடையாது, அதனால் விசாவுக்கும் இடைஞ்சல் இல்லை. கிளைகளிடம் சந்தா வசூலிப்பது, சங்கத்தின் மேல் வழக்கு வந்தால் கைகொடுக்கும் பொறுப்புக் காப்பீட்டுக்குப் பணம் கட்டுவது, வருமான வரித்துறைக்கு ஆண்டுதோறும் லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கான 990 படிவம் அனுப்புவது, இவ்வளவுதான். காப்பீடுதான் பெரிய தலைவலி. கல்லூரிச் சங்கங்களில் புதியவர்களைக் கொடுமைப்படுத்தி உயிர்ச்சேதம் வரை போன வழக்குகள் இந்த நாட்டில் நிறைய. 2024 டிசம்பரில் இதற்கென்றே ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்து, இப்படிப்பட்ட சம்பவங்களைக் கல்லூரிகளே வெளியிட வேண்டும் என்றாகிவிட்டது. யாரோ செய்யும் தப்புக்கு எல்லோர் சந்தாவிலும் காப்பீட்டுச் செலவு ஏறுகிறது.

விண்ணப்பத்தில் 'உங்கள் சாதனைகள்' என்று ஒரு பக்கம் காலியாக விட்டிருந்தார்கள். நம்மைப் பற்றி நாமே பேசினால் தலைக்கனம் என்று வளர்க்கப்பட்டவளுக்கு அந்தப் பக்கம் ஒரு வாரத்தைத் தின்றது.

அப்பாவிடம் சொன்னதும் உற்சாகமாகிவிட்டார். பெல் நிறுவனத்தில் வேலை பார்த்தவர், தொழிற்சங்கத் தேர்தல்களில் ஊறியவர். "நோட்டீஸ் அடிச்சியாம்மா?" என்றார். எங்கள் விதிப்படி நோட்டீஸ் கூடாது, பரிசு கூடாது, இன்ஸ்டாகிராமில் ஆதரவு கேட்கக் கூடாது. ஒவ்வொரு கிளையுடனும் ஒரு ஜூம் சந்திப்பு, மாநாட்டில் மூன்று நிமிடப் பேச்சு, அவ்வளவே. "டீ கூட வாங்கிக் குடுக்கக் கூடாதா? அப்புறம் எப்படிம்மா ஓட்டு விழும்?" என்று கவலைப்பட்டார். கலிபோர்னியாப் பிள்ளைகளுக்கு இரவு ஒன்பது மணி வசதி என்றால் எனக்கு மணி பதினொன்று. மறுநாள் அலுவலகத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பேன்.

எதிர்த்து நின்றவள் நியூஜெர்சிக்காரி, கணக்குத் தணிக்கையாளர், கெட்டிக்காரி. நான் வாக்காளராக இருந்தால் எனக்கே குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

மாநாட்டு அரங்கில் கேள்வி நேரத்தில் ஒரு இரண்டாமாண்டு மாணவி ஒலிவாங்கிக்கு வந்தாள். எங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலோர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். "நீங்கள் இங்கே வளரவில்லை. எங்கள் பிரச்சினை உங்களுக்கு எப்படிப் புரியும்?" என்று நேராகவே கேட்டாள். அரங்கில் லேசான சலசலப்பு. எனக்குக் கோபம் வரவில்லை, நியாயமான கேள்விதான். மாணவர் விசாவில் இருப்பவர்கள் படிப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான், அதுவும் கல்லூரி வளாகத்துக்குள்தான் பொதுவாக வேலை பார்க்க முடியும் என்று சொன்னேன். நூலகத்தில் புத்தகம் அடுக்கிய அந்தச் சம்பளத்தில், செமஸ்டர் தொடக்கத்திலேயே மொத்தச் சந்தாவையும் கட்டச் சொன்னபோது சங்கத்தை விட்டுவிடலாமா என்று யோசித்ததைச் சொன்னேன். "இன்று உங்கள் கிளையில் சந்தா கட்ட முடியாமல் சத்தமில்லாமல் விலகியவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்காகத்தான் சந்தாவைத் தவணையில் கட்டும் திட்டத்தைச் சொல்கிறேன்" என்று முடித்தேன். அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். எனக்குத்தான் போட்டாளா என்று தெரியாது.

ஜெயித்துவிட்டேன். என் பெயரைத் தலைவி வாசித்தாரே தவிர, எண்ணிக்கையைச் சொல்லவில்லை. அதுதான் எங்கள் வழக்கம். தோற்றவர் மனம் நோகக் கூடாது என்று எப்போதோ யாரோ வைத்த விதி.

அப்பாவுக்கு இது தாங்கவில்லை. "எத்தனை ஓட்டு வித்தியாசம்னு சொல்லாம ஒரு தேர்தலா? மறு எண்ணிக்கை கேட்கணும்னா என்ன பண்ணுவாங்க?" என்று போனில் அரை மணி நேரம் சண்டை. அடுத்த மாநாட்டில் தீர்மானம் கொண்டு வா என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விதித் திருத்தம் என்றால் முன்கூட்டியே எழுத்தில் கொடுக்க வேண்டும், முன்மொழிய ஒரு கிளையும் வேண்டும். ஹூஸ்டன் கிளையிடம் பேசியிருக்கிறேன். முதலில் போன செமஸ்டர் பாக்கியைக் கட்டச் சொல்லியும் இருக்கிறேன்.