டாலரில் பெயர் காணாமல் போனதும் திரும்பி வந்ததும்

அக்காவிடம் ஒரு வெள்ளி டாலர் இருக்கிறது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். நடுவில் சாய்ந்த எழுத்தில் அவள் பெயர், ஓரத்தைச் சுற்றி ஒரு கொடி வேலைப்பாடு. எடுத்துப் போடாமலே கிடந்து கறுத்துப் போயிருந்தது. "சும்மா எதையாவது நோண்டிக்கிட்டே இருக்கியே, இதைக் கொஞ்சம் பளிச்சுன்னு ஆக்கிக் குடு" என்று கையில் வைத்தாள். அரை மணி நேரத்தில் புதுக் காசு மாதிரி ஆக்கிக் கொடுத்துவிட்டேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், "எல்லாம் சரி, என் பேர் எங்கடா?" என்றாள்.

பெயர் எங்கேயும் போகவில்லை. ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தால் தெரிந்தது. நேராகப் பார்த்தால் வெறும் வெள்ளித் தகடு. அன்றைக்குப் பிடித்த வேலை ஏழு வாரம் ஓடியது. அந்த நாட்களில் எழுதி வைத்ததைத்தான் இங்கே கோத்திருக்கிறேன்.

முதல் நாள்

கண்ணாடிக் கிண்ணத்துக்குள் அலுமினியத் தாளை விரித்து, கொதித்து இறக்கிய தண்ணீரை ஊற்றி, ஒரு கரண்டி சமையல் சோடா போட்டு, டாலரைத் தாளின் மேல் படும்படி வைத்தேன். லேசாக அழுகிய முட்டை நாற்றம் வந்தது. இரண்டே நிமிடம், கறுப்பு போன இடம் தெரியவில்லை.

வெள்ளியில் படியும் கறுப்பு இரும்புத் துரு மாதிரியானதல்ல. காற்றில் கொஞ்சூண்டு இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவிலிருந்து கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு ஆகிறது. சோடாத் தண்ணீருக்குள் அலுமினியமும் வெள்ளியும் தொட்டுக்கொண்டு கிடந்தால், அலுமினியம் எலக்ட்ரான்களை விட்டுக்கொடுக்கும். சல்ஃபைடு உடையும், வெள்ளி மறுபடி வெள்ளியாகும், கழன்ற கந்தகம் அந்த நாற்றமாக வெளியே வரும். தேய்த்து எடுத்தால் கறுப்போடு வெள்ளியும் கொஞ்சம் போகும். இதில் வெள்ளி அங்கேயே தங்கிவிடுகிறது. வேலைப்பாடு இல்லாத சாதா வெள்ளிக்கு இன்றைக்கும் எனக்குப் பிடித்த வழி இதுதான்.

ஆனால் எழுத்துக்குள் இருந்த கறுப்பு அழுக்கே அல்ல. பெயரை வெட்டி முடித்த பிறகு கந்தகக் கரைசலில் முக்கி மொத்தத்தையும் கறுப்பாக்கிவிட்டு, மேல்பரப்பை மட்டும் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். பள்ளத்தில் கறுப்பு நிற்கும். எழுத்து கண்ணுக்குத் தெரிவதே அதனால்தான். படிந்த கறுப்பும் வெள்ளி சல்ஃபைடுதான், வேண்டுமென்றே ஏற்றிய கறுப்பும் முக்கால்வாசி அதேதான். எது அழுக்கு, எது வேலைப்பாடு என்று சோடாத் தண்ணீருக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியவில்லையே.

இரண்டாவது வாரம்

இனி எதையும் தண்ணீரில் போடுவதற்கு முன் பார்ப்பது என்று முடிவு செய்தேன். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்று வாங்கினேன். இந்தப் பொழுதுபோக்கில் நான் செய்த உருப்படியான செலவு அது ஒன்றுதான். வீட்டில் இருக்கும் நகைகளை மேஜையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 925 என்று முத்திரை இருந்தால் நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. முத்திரை இல்லாததையும் சந்தேகமானதையும் முலாம் என்றே வைத்துக்கொண்டேன். முலாமைத் திட வெள்ளி என்று நினைத்துத் தேய்த்தால் திரும்பாது. திட வெள்ளியை முலாம் என்று நினைத்து மெதுவாகக் கழுவினால் ஒன்றும் கெட்டுப்போகாது.

லென்ஸில் முதலில் மாட்டியது என் பழைய பாவம். தங்க முலாம் பூசிய ஒரு ஜோடித் தோடு. எப்போதோ பற்பசை போட்டுத் தேய்த்திருக்கிறேன். அன்றைக்கு நன்றாகத்தான் மின்னியது. இப்போது பார்த்தால் தட்டையான இடங்களில் தங்கம் இருக்கிறது, விளிம்பெல்லாம் சிவந்து பித்தளை எட்டிப் பார்க்கிறது. பற்பசையில் இருப்பது சிலிக்கா அல்லது கால்சியம் கார்பனேட் துகள், அதாவது பல்லைத் தேய்க்கவே போட்ட மணல். சாதாரண முலாம் அரை மைக்ரான் இருந்தாலே பெரிது. ஒரு தலைமுடியின் தடிமன் கிட்டத்தட்ட 70 மைக்ரான். முடியில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத தோலை மணல் போட்டுத் தேய்த்திருக்கிறேன். வெள்ளியின் மேல் 2.5 மைக்ரான் தங்கம் ஏற்றிய வெர்மெய்ல் கொஞ்சம் தாங்கும், ஆனால் அதற்கும் பற்பசை ஆகாது.

கழுவுகிற விதம்

முலாமுக்கும் பொறிப்புக்கும் ஒரே முறையில் வந்து நின்றிருக்கிறேன். இரண்டு கிண்ணம், வெதுவெதுப்பான தண்ணீர். ஒன்றில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, இன்னொன்று வெறும் தண்ணீர். அடியில் மடித்த துண்டு. கை தவறி விழுந்தாலும் அடிபடாது. கழுவுதொட்டியில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. ஒரு தடவை தோட்டின் திருகு ஓட்டை வழியாகப் போய், குழாயைக் கழற்றி எடுக்க வேண்டியதாகிவிட்டது.

ஐந்து நிமிடம் ஊறினால் போதும். அப்புறம் குழந்தைகளுக்கான மெல்லிய பல்துலக்கி. அதை எப்படி ஓட்டுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கையால் வெட்டிய பள்ளம் ஆப்பு மாதிரி, மேலே அகலமாகவும் அடியில் கூர்மையாகவும் இருக்கும். குறுக்கே தேய்த்தால் தூரிகை முனை மேலேயே வழுக்கிக்கொண்டு போகிறது, அழுக்கையும் உள்ளே அழுத்துகிறது. எழுத்து எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதே பக்கம், எழுதிப் பழகுகிற மாதிரி ஓட்டினால் சாம்பல் நிறத்தில் நூல் நூலாக வெளியே வரும். தோலின் எண்ணெய், சோப்புப் படிவு, செத்த தோல் எல்லாம் சேர்ந்த பசை. பார்க்க அருவருப்பு, ஆனால் வந்துகொண்டே இருக்கும்போது நிறுத்த மனம் வராது.

ஒரு வளையலின் பொறிப்பில் மட்டும் வெள்ளையாக ஏதோ கெட்டிப்பட்டு நின்றது. லென்ஸில் பார்த்தால், யாரோ போட்ட பாலிஷ் கிரீம் காய்ந்து போனது. பல்குத்தும் குச்சியின் முனையைத் தண்ணீரில் நனைத்து, நசுக்கித் தூரிகை போல ஆக்கி, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். ஊசியால் கிளற நினைத்தேன். லென்ஸில் ஊசி முனை உளி மாதிரி தெரிந்ததும் கீழே வைத்துவிட்டேன்.

கடைசியாகக் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு முக்கு. குழாய்த் தண்ணீரின் உப்பு பள்ளத்தில் புள்ளியாகக் காயாமல் இருக்க அது. பிறகு பருத்தித் துணியில் ஒற்றி எடுத்து, இரவு முழுக்கத் துணியின் மேலேயே வைத்துவிடுவேன். முத்து, ஓப்பல், டர்காய்ஸ், ஒட்டிய கல் இதெல்லாம் இந்தக் குளியலுக்கு வராது. ஈரத்துணியால் துடைப்பதோடு சரி.

நாலாவது வாரம்

அந்த வளையலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தங்க முலாம், அதன் மேல் ஒரு தேதி பொறித்திருக்கிறது. முலாம் பூசிய பிறகு வெட்டியிருக்கிறார்கள். எழுத்தின் அடியில் தங்கம் இல்லை, அடி உலோகம் திறந்து கிடக்கிறது. வியர்வையும் ஈரமும் நேராக அதில்தான் போய் உட்காரும். எழுத்தோரம் ஒரு பச்சைக் கோடு இருந்தது, செம்பின் வேலை. சோப்புத் தண்ணீரில் முக்கால்வாசி போனது.

அதன் உட்புறத்தில் சில கறும்புள்ளிகள் மட்டும் எதற்கும் அசையவில்லை. மூன்று தடவை கழுவினேன். அழுத்தித் தேய்க்கலாமா என்று கை பரபரத்தது. பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மெல்லிய தங்கத்தின் ஊடாக அடியிலிருக்கும் செம்போ வெள்ளியோ மெல்ல மெல்ல மேலே ஊறி வந்து, அங்கே கறுக்குமாம். இதைத் தடுக்கத்தான் நல்ல வேலையில் நடுவில் நிக்கல் மாதிரி ஒரு அடுக்கு பூசுகிறார்கள். தேய்த்தால் புள்ளி போகும், கூடவே தங்கமும் போகும், பிறகு அந்த இடம் இன்னும் சீக்கிரம் கறுக்கும். விட்டுவிட்டேன்.

மறுபடி முலாம் பூசக் கொடுக்கலாம்தான். ஆனால் பூசுவதற்கு முன்னால் மேல்பரப்பைச் சக்கரத்தில் தேய்ப்பார்கள். அதில் பொறிப்பின் கூர்மை மழுங்கும். தேதியா பளபளப்பா என்று வந்தால் என் ஓட்டு தேதிக்குத்தான்.

அல்ட்ராசோனிக் தொட்டி வாங்கும் ஆசையும் இடையில் வந்து போனது. 40 கிலோஹெர்ட்ஸ் அதிர்வில் தண்ணீருக்குள் நுண்குமிழ்கள் உண்டாகி வெடித்து அழுக்கைத் தள்ளும். ஏற்கெனவே எங்காவது தூக்கிக்கொண்டிருக்கிற முலாமையும் சேர்த்துத் தள்ளும். என்னிடம் இருப்பதில் பாதி முலாம். வேண்டாம்.

ஆறாவது வாரம்

அக்கா தினமும் கேட்கவில்லை. வாரம் ஒருமுறை, "என் பேர் வந்துடுச்சா?" என்று மட்டும் கேட்டாள். அது இன்னும் மோசம்.

கந்தகக் கரைசலை வீட்டில் கையாளத் தயக்கம். முட்டையை வைத்துச் செய்யலாம் என்று தெரிந்தது. நன்றாக வேகவைத்த முட்டையிலிருந்து வருவதும் அதே ஹைட்ரஜன் சல்ஃபைடுதான். ஒரு முட்டையைச் சூட்டோடு, வெள்ளையும் மஞ்சளுமாக நசுக்கி மூடி போட்ட புட்டியில் இட்டு, டாலரை நூலில் கட்டி முட்டையின் மேல் படாமல் தொங்கவிட்டேன்.

முதல் முயற்சி கேலிக்கூத்து. மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால் டாலரின் மேல் என் கட்டைவிரல் ரேகை அச்சு அசலாக வந்திருந்தது. எண்ணெய் இருந்த இடத்தில் கறுப்பு ஏறவில்லை. சோடாக் குளியலில் எல்லாவற்றையும் அழித்து, சோப்புப் போட்டுக் கழுவி, இந்த முறை விளிம்பை மட்டும் பிடித்துக் கட்டினேன்.

இரண்டாவது முறை நிறம் மாறுவதை உட்கார்ந்தே பார்த்தேன். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, அதில் ஒரு ஊதா, பிறகு கருநீலம். படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறுகிறது, தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் தெரியும் வண்ணம் போலத்தான். அந்த ஊதாவிலேயே நிறுத்திவிடலாமா என்று ஒரு சபலம் வந்தது. காலையில் மொத்தமும் சாம்பல் கறுப்பு.

இனி மேல்பரப்பை மட்டும் வெளுக்க வேண்டும். துணியை விரலில் சுற்றித் தேய்த்தால் விரல் சதை பள்ளத்துக்குள் இறங்கி அங்கேயும் துடைத்துவிடும். ஒரு சின்ன மரக்கட்டையில் பாலிஷ் துணியை இறுக்கிச் சுற்றி, தட்டையாக வைத்து, ஒரே திசையில் இழுத்தேன். ஆறேழு இழுப்பு வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் முதல் எழுத்தின் கால் தெரிந்தது. கட்டையை எடுத்துவிட்டுத் தலையைச் சாய்த்து, நேராக, மறுபடி சாய்த்துப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் இருந்தது.

இந்தப் பாலிஷ் துணி திட வெள்ளிக்கு மட்டும். அதில் தேய்க்கும் பொடி ஏற்றியிருக்கும், முலாமின் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

எடுத்து வைப்பது

ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஜிப் பை, காற்றை அழுத்தி வெளியேற்றி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. முலாம் சங்கிலியைக் கொக்கி மாட்டியே வைக்கிறேன், இல்லாவிட்டால் தன்னோடு தானே சிக்கி உரசிக்கொள்ளும். ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவதை விட்டுவிட்டேன், ரப்பரில் கந்தகம் உண்டு. கம்பளித் துணியிலும் உண்டு. கவரிங் நகைகளின் மேல் பல சமயம் வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு இருக்கும், அது வாசனைத் திரவியத்திலும் கை சுத்தப்படுத்தும் திரவத்திலும் கரையும். அதனால் அதையெல்லாம் பூசி, காய்ந்த பிறகுதான் நகை.

போன ஞாயிற்றுக்கிழமை டாலரை அக்காவிடம் கொடுத்தேன். கையில் வாங்கி, கண்ணருகே கொண்டுபோய், விரல் நகத்தால் எழுத்தின் மேல் ஒருமுறை ஓட்டினாள். முகம் மலர்ந்தது. அப்புறம் மூக்கருகே கொண்டுபோனாள்.

"ஏன்டா, முட்டை வாடை அடிக்குது?"

இன்னொரு தடவை சோப்புத் தண்ணீரில் போட்டிருக்கிறேன். இரவு காய்ந்துவிடும்.