மேடைப் பேச்சு வேண்டாம், மூன்று சனிக்கிழமை போதும்

தெருவில் 14, 15 வயதுப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய நினைப்பவர்கள் தயவுசெய்து மைக் பிடித்து அறிவுரை சொல்லாதீர்கள். பத்துப் பிள்ளைகள், ஐந்து பெரியவர்கள் போதும்: டெய்லர், எலக்ட்ரீஷியன், நர்ஸ், தச்சர், கணக்கு எழுதுபவர். ஒருவரிடம் இரண்டு பிள்ளைகள், மூன்று சனிக்கிழமை. முதல் வாரம் அவர் செய்யும் வேலையைப் பார்ப்பது, அடுத்து கூடமாட உதவுவது, மூன்றாவது வாரம் தானே ஒன்றைச் செய்து முடிப்பது. வயரிங் என்றால் கரண்ட் இல்லாத பலகையில்தான். இந்த மூன்றாவது வாரத்தை விட்டால் எல்லாம் வேடிக்கையாகவே போய்விடும். கை எதில் லயிக்கிறது என்று அங்கேதான் தெரியும். பிறகு பிள்ளைகளை வேறொரு தொழில்காரரிடம் மாற்றுங்கள்.

நேரமாகிவிட்டால் பெண் பிள்ளைகள் இதைப் பாதியில் விட்டுவிடலாம். இருட்டும் முன் முடியுங்கள்.

எட்டாம் வகுப்பு அரசுப் பள்ளிப் பிள்ளைகளை என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வையும் எழுத வையுங்கள். தேர்வானால் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய்.