பழைய பிஸ்டனில் ஒரு பதுங்குகுழி மோதிரம்

நாலு ஞாயிற்றுக்கிழமை, காயலான் கடையில் வாங்கிய ஒரு பைக் பிஸ்டன், கட்டைவிரலில் ஒரு கொப்புளம். இத்தனைக்கும் பிறகு கையில் இருப்பது லேசாகக் கோணலான ஓர் அலுமினிய மோதிரம்.

முதல் உலகப் போரில் பிரெஞ்சுக் காலாட்படைச் சிப்பாய்கள் பதுங்குகுழி வாழ்க்கையில் செய்த மோதிரங்களின் படங்களை எங்கோ பார்த்தேன். அன்றிலிருந்து ஒரே அரிப்பு. ஜெர்மன் பீரங்கிக் குண்டின், அதாவது ஷெல்லின், மூக்கில் அதை வெடிக்கவைக்கத் திருகியிருக்கும் ஃப்யூஸில் அலுமினியம் இருக்கும். ஷெல் வெடித்த பிறகு அந்தத் துண்டுகளைப் பொறுக்கி, உருக்கி, மோதிரமாக்கி ஊருக்கு அனுப்புவார்கள். 1915-இல் இது ஒரு மோகமாகவே பரவியது. அப்போது சாதாரணச் சிப்பாயின் நாள் சம்பளம் ஒரு சூ, அதாவது 5 சாந்தீம் (நூறு சாந்தீம் ஒரு ஃபிராங்க்). அந்த ஆண்டின் கடைசியில்தான் 25 சாந்தீம் ஆனது. மனைவிக்குக் கடையில் நகை வாங்குகிற சம்பளம் இல்லை அது. வெடிக்காத ஷெல்லிலிருந்து ஃப்யூஸைக் கழற்றப் போய்ச் செத்தவர்களும் உண்டு, ஒரு மோதிரத்துக்காக. எனக்குப் பிஸ்டனே போதும்.

முதல் ஞாயிறு. குமுட்டி அடுப்பு, கரி, காற்று ஊத ஹேர் டிரையர். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். கரியில் நன்றாக ஊதினால் எட்டிவிடலாம். உருக்குவதற்குச் சமையலறையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "ஏங்க, அதுவே அலுமினியக் கரண்டிதான்" என்றாள் மனைவி. நல்லவேளை. எவர்சில்வர் கரண்டிக்கு மாறினேன்.

இரும்பு மாதிரி இது சிவந்து காட்டிக்கொடுக்காது. திடீரென்று பாதரசம் போல ஆடும், மேலே பால் ஆடை மாதிரி ஒரு படலம் கட்டும். படலத்தை ஒதுக்கிவிட்டு, மணலில் குச்சியால் போட்ட குழியில் ஊற்றினேன். மணலில் ஈரம் இருந்திருக்கிறது. சடசடவென்று தெறித்தது. கண்ணாடியும் முழங்கை வரை தோல் உறையும் போட்டிருந்ததால் தப்பித்தேன். ஆறியபின் எடுத்துப் பார்த்தால் இட்லி மாதிரி உள்ளே முழுக்க ஓட்டை. செய்து பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அச்சில் ஒரு சொட்டு ஈரம்கூட இருக்கக் கூடாது.

பிரான்சின் ஷாம்பாஞ் போர்முனைச் சேற்றில் அந்தச் சிப்பாய்கள் காய்ந்த இடத்துக்கு எங்கே போவார்கள் என்று அன்று ராத்திரி யோசித்தேன். முதல் வரிசையில் நெருப்பு மூட்டுவதே வம்பு. புகை தெரிந்தால் எதிரி பீரங்கி அங்கே குறிவைக்கும். அதனால்தான் சமையல் வண்டிகளைப் பின்னால் நிறுத்தினார்கள். நாலைந்து பேர் இருட்டில் சூப்பு வாளியும், கயிற்றில் கோத்த ரொட்டியும், ஒயின் குடுவைகளுமாக இணைப்புக் குழிகளின் வழியே நடந்து வருவார்கள். வந்து சேரும்போது சூப்பு ஆறிப்போயிருக்கும், பாதி வழியிலேயே சிந்தியிருக்கும். ஒயின் சிந்தினால்தான் பெரிய துக்கம். அந்த மட்டமான சிவப்பு ஒயினுக்கு 'பினார்' என்று செல்லப்பெயர். தலைக்கு நாளொன்றுக்குக் கால் லிட்டரில் தொடங்கிய பங்கு பிறகு அரை லிட்டராகியது. மோதிர வேலையெல்லாம் பெரும்பாலும் பின்வரிசையிலும் ஓய்வுக்கு வந்த கிராமங்களிலும்தான் நடந்திருக்க வேண்டும்.

இரண்டாம் ஞாயிறு. செங்கல்லில் குழி தோண்டி, அடுப்பருகே இரண்டு மணி நேரம் காயவைத்து, நடுவில் விரல் பருமனுக்கு ஓர் இரும்புக் கம்பியை நிறுத்தி ஊற்றினேன். மோதிரத்தின் துளை தானாகவே வந்துவிடும் என்று கணக்கு. அலுமினியம் உறையும்போது சுருங்கும் என்பது மறந்துபோயிற்று. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டது; தட்டிக் கழற்றினால் இரண்டாகப் பிளந்தது. பிஸ்டன் கலவையில் சிலிக்கானும் அதிகம். அச்சில் நன்றாக ஓடும், ஆனால் சட்டென்று விரிசல் விடும்.

மூன்றாம் ஞாயிறு கம்பியை விட்டுவிட்டேன். குட்டி உருளையாக வார்த்து, ஹாக்சா பிளேடால் வில்லை அறுத்து, நடுவில் துளை போட்டு, மூன்று பட்டை அரத்தைச் செருகித் திருகித் திருகி அகலப்படுத்தினேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. பிரெஞ்சு லெபெல் துப்பாக்கியின் முனையில் மாட்டும் குத்தீட்டியான பயனெட்டுக்குக் கத்தி மாதிரி அலகு கிடையாது. நாலு விளிம்புள்ள நீண்ட ஊசி, நுனியில் மெலிந்து போகும். 'ரோசாலி' என்று அதற்கு ஒரு பெண் பெயர். துளை பெரிதாக்க அதைவிட வாகான சாமான் பதுங்குகுழியில் வேறென்ன இருந்திருக்கும்?

அப்புறம் ராவுதல். இதுதான் உண்மையான வேலை. இரண்டு ஞாயிறுகளுக்கும் நடுவில் சாயங்காலங்களையும் தின்றது; மொத்தம் ஆறு மணி நேரமாவது இருக்கும். அலுமினியத் தூள் அரத்தின் பல்லை அடைத்துவிடும். சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டால் அவ்வளவாக ஒட்டாது. ஆறு மணி நேரம் என்பது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அவர்களுக்குக் காத்திருப்புதான் பெரும்பாலான நாட்கள். இராத்திரியில் முள்வேலி கட்டுவது, மண் வெட்டுவது, சுமை தூக்குவது. பகலில் காவல் முறை, தூக்கம், 'டோட்டோ' என்று பெயர் வைத்திருந்த பேன்களைச் சட்டைத் தையலில் தேடி நசுக்குவது, கடிதம் எழுதுவது. சிப்பாய்களின் கடிதங்களுக்குத் தபால் கட்டணம் இல்லை. மீதி நேரத்துக்குக் கையில் ஏதாவது வேண்டாமா?

அவர்களில் பெரும்பகுதி விவசாயிகள் என்பது இன்னொரு ஆச்சரியம். ஃபிட்டர், கடைசல்காரர் போன்றவர்களில் பலரை ஆயுதத் தொழிற்சாலைகளே திருப்பி இழுத்துக்கொண்டன. 1915 ஆகஸ்டில் அதற்கென ஒரு சட்டமும் வந்தது. மிஞ்சிய ஒன்றிரண்டு பட்டறைக்காரர்கள் அரம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஏர் பிடித்த கை அதற்குப் பழகியிருக்கிறது. என் கை இன்னும் பழகவில்லை. கொப்புளம் வந்தது இங்கேதான்.

நாலாம் ஞாயிறு 220, 400 என்று உப்புத்தாள் போட்டு, கடைசியில் சாம்பலும் பழைய பனியன் துணியும். வெளிப்பக்கம் கண்ணாடியாக மின்னவில்லை, ஆனால் ஒரு மங்கலான வெள்ளி நிறம் வந்தது. எடையே தெரியவில்லை. ஒரு பக்கம் 3 மில்லிமீட்டர், மறுபக்கம் 2. வார்ப்பில் விட்ட ஊசி ஓட்டை ஒன்று உள்பக்கத்தில் இருக்கிறது, வெளியே தெரியாது.

நூலால் அளவெடுத்துத்தான் செய்தேன். ஆனாலும் மனைவியின் மோதிர விரலில் கணுவைத் தாண்டவில்லை. "சுண்டுவிரலுக்குச் சரியா இருக்கு" என்று போட்டுக்கொண்டாள். பாத்திரம் தேய்க்கும்போது கழற்றி ஜன்னலில் வைக்கிறாள்.

ஷெல்லின் இடுப்பில் சுற்றியிருக்கும் செம்புப் பட்டையிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி, மோதிர முகப்பில் இதயமாகவோ முதலெழுத்தாகவோ பதிப்பார்கள். அடுத்தது அதுதான். வயரிங் வேலையில் மிஞ்சிய தடித்த செம்புக் கம்பி ஒரு முழம் கிடக்கிறது. பிஸ்டனிலும் இன்னும் முக்கால்வாசி மீதம்.